அவன் அவன்தான் என்பதற்கு அத்தாட்சி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிக்கிற சிரமம் மிச்சம். பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போனவன் நான். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம், சட்டைப்பையில் பாஸ்போர்ட்டை வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் டிக்கெட் மட்டும்தான் கேட்டார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்தப் பாஸ்போர்ட் வந்த கதை இன்னும் மட்டம். சிங்கப்பூரில் எனக்கு ஒரு வேலை காத்திருப்பதாக மாமா ஒருவர் சொன்னார். நம்பி எடுத்தேன். மாமாவுக்குச் சிங்கப்பூரில் தெரிந்தவர்களே கிடையாது, சிங்கப்பூர் தைலம் விற்கிற ஒருவரைத்தான் தெரியும் என்பது பிறகு தெரியவந்தது. பாஸ்போர்ட் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் படுத்துவிட்டது. கடைசிவரை அதில் ஒரு முத்திரை விழவில்லை. ஆனாலும் அது வீண் போகவில்லை. அதை வைத்து ஓர் உறுப்பினர் பதவி வாங்கினேன். அதே கணக்கில் ஒரு கூட்டாளியையும் தொலைத்தேன்.

அவனை அவன் என்றே சொல்கிறேன். பெயர் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை பட்டாயிற்று.

தொண்ணூறுகளில் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவன் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ரயிலில் வருவான். நான் உள்ளூர், அதனால் எப்போதும் தாமதமாக வருவேன். லேபில் அவன் சர்க்யூட்டைச் செய்வான், நான் பக்கத்தில் நின்று ஆசிரியரைச் சிரிக்கவைப்பேன், இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் விழும். அந்த ஏற்பாடு ரொம்ப நாள் நல்லபடியாகவே நடந்தது. படித்து முடித்ததும் அவனுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. எனக்கு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. பொட்டியைத் திறந்து, தூசி ஊதி, மூடிக் கொடுக்கிற வேலை.

ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில்தான் அது கிடைத்தது. உலகம் முழுக்க ஆட்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதிய ஓர் இயங்குதளம். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். கடையில் யாரோ சர்வீசுக்கு விட்டிருந்த பொட்டியில் அதைப் போட்டுப் பார்த்தோம். (அந்த வாடிக்கையாளர் இதைப் படித்தால், உங்கள் பொட்டி இரண்டு நாள் தாமதமானதற்குக் காரணம் பவர் சப்ளை இல்லை.) எல்லாம் இருந்தது, தமிழ் இல்லை. தட்டினால் தமிழ் வராது.

அவன் உட்கார்ந்து எழுதினான். சாதாரண விசைப்பலகையில் தட்டினால் திரையில் தமிழ் எழுத்து வரவைக்கும் ஒரு சின்ன நிரல். ஷிப்ட் முடிந்து ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகக் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவான். நிரல் முழுக்க அவனுடையது. அதைப் பற்றி வெளிநாட்டுக்காரர்களுக்குப் போன மின்னஞ்சல்கள் முழுக்க என்னுடையவை. அவனுக்கு இங்கிலீஷில் இரண்டு வரி எழுதுவதற்குள் வியர்த்துவிடும். "நீயே எதுனா எழுதி வுட்ரு மச்சான், கீழ எம்பேர் போட்டுடு" என்பான். நானும் அவன் பெயரில் ஒரு ஹாஸ்யம், என் பெயரில் ஒரு ஹாஸ்யம் என்று எழுதித் தள்ளினேன்.

நிரலை அந்த இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் சிக்கல். யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் எழுதியதைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுகிற உரிமை உறுப்பினர்களுக்கு மட்டும்தான். உறுப்பினர் அல்லாதவன் ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பினரிடம் கொடுத்து, அவர் பார்த்து, அவர் ஏற்ற வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் ஐரோப்பாவில் இருந்தார். நல்ல மனுஷன். ஆனால் அவருக்குக் குழந்தை பிறந்தது, அப்புறம் வீடு மாறினார், அப்புறம் அவருக்கு முதுகுவலி. ஒருமுறை 'கௌ' தட்டினால் நிரலே செத்துப்போகிற கோளாறு ஒன்று வந்தது. இவன் அன்றைக்கே சரிசெய்துவிட்டான். அவருக்கு அப்போது கோடை விடுமுறை. மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் இவன் பெயரைச் சொல்லித் திட்டி எழுதினார்கள், இவன் திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தான்.

"நான் கட்டுன வூடு மச்சான். உள்ள போவ அடுத்த ஊர்க்காரன் வந்து கதவு தொறக்கணும். இன்னா பொழப்பு இது?"

"அவருக்கு முதுகுவலிடா."

"அப்ப நமக்கும் ஒரு சாவி குடுக்கச் சொல்லு."

இதற்குப் பிறகு அவனுக்கு வேறு ஆசை இல்லை. உறுப்பினர் ஆக வேண்டும், தன் நிரலைத் தானே ஏற்ற வேண்டும். ஆபீசில் அவன் செய்கிற வேலை எதிலும் அவன் பெயர் வராது. பிரிவின் பெயர்தான் வரும். இது ஒன்றில்தான் அவன் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'ஏற்றியவர்' என்று ஓர் ஐரோப்பியர் உட்கார்ந்திருந்தது அவனுக்கு முள்ளாகக் குத்தியது.

உறுப்பினர் ஆவதற்கு முதல் படி அத்தாட்சி. கணினியில் நமக்கென்று ஒரு ரகசியச் சாவி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சாவி நம்முடையதுதான், நாம் நாம்தான் என்று ஏற்கனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் நம்மை நேரில் பார்த்து, அரசாங்கம் கொடுத்த புகைப்பட அட்டையைப் பார்த்து, அந்தச் சாவிமேல் தன் கையெழுத்தைப் போட வேண்டும். அதுவும் கணினிக் கையெழுத்துதான். நியாயமான விதி. யாரென்றே தெரியாதவன் எழுதியதை லட்சக்கணக்கானவர்கள் தங்கள் பொட்டியில் ஏற்றிக்கொள்ள முடியுமா? ஆனால் செங்கல்பட்டுப் பக்கம் உறுப்பினர்கள் யாரும் நடமாடுவதாக எங்களுக்குத் தகவல் இல்லை.

அப்போதுதான் மடலாடற்குழுவில், அதாவது ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகிற மின்னஞ்சல் குழுவில், வெளிநாட்டு உறுப்பினர் ஒருவர் எழுதினார். விடுமுறைக்கு மாமல்லபுரம் வருகிறேன், யாருக்காவது கையெழுத்து வேண்டுமென்றால் வந்து பாருங்கள். படித்துவிட்டு இவன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். "நம்ம மாமல்லபுரமா?" என்று இரண்டு முறை கேட்டான். வேறு எங்கோ இன்னொன்று இருக்கிற மாதிரி.

இரண்டு பேருமே கையெழுத்து வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, அவன் வார விடுமுறை நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். நான் செங்கல்பட்டிலிருந்து பாஸ்போர்ட்டோடு, அவன் கல்பாக்கத்திலிருந்து. வெள்ளைக்காரர் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியின் மொட்டைமாடிச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் வெந்த நண்டு நிறம். நான் முதலில் போய்விட்டேன். இவனைக் காணோம். எட்டிப் பார்த்தால் எதிரே கல் சிற்பக் கடையில் நின்று ஒரு பிள்ளையாரைத் தடவிக்கொண்டிருக்கிறான். இறங்கிப் போனேன்.

"மேல வாடா. அந்தாளு காத்துகினு கீறாரு."

"மச்சான், வெள்ளக்காரன்டா."

"பின்ன? மாமல்லபுரத்துக்கு வர்ற டூரிஸ்ட்டு பச்சக் கலர்லயா இருப்பான்?"

"அதில்ல. ஃபாரின் ஆளுங்களோட பேசுனா ஆபீஸ்ல சொல்லணும். லீவு நாள்ல நம்ம ஆளுங்க எல்லாம் பொண்டாட்டி புள்ளையோட இங்கதான் சுத்துவானுங்கோ. எவனாவது பாத்தான்னா?"

"பாத்தா இன்னா? பஜ்ஜி துன்றோம்."

கடைக்காரர் பிள்ளையாரை வாங்கப் போகிறீர்களா இல்லையா என்று கேட்டார். அதற்குப் பயந்துதான் இவன் மாடிக்கு வந்தான் என்று நினைக்கிறேன். வந்தவன் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

நான் என் சாவியின் அடையாள எண் எழுதிய சீட்டைக் கொடுத்து, பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் இமிக்ரேஷன் என்று நடந்தது அது ஒன்றுதான். அதிலே நான் பாஸ்.

அடுத்தது இவன். நான் இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு மனுஷனிடம் படம் போட்ட அட்டை இல்லாமல் இருப்பது அதிசயம் இல்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று இவன் அப்பா உட்கார்ந்திருந்தார். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்த அன்று இவனுக்கு ஷிப்ட். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் சைக்கிள், வெளியே பஸ், அதனால் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கவே இல்லை. பாஸ்போர்ட் எடுக்க ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு மனு போடுவதற்கே யோசிக்கிற ஆள். இருந்தது ஒன்றுதான், ஆபீஸ் பாஸ். நல்ல பெரிய படம், முத்திரை, எல்லாம் பக்கா. ஆனால் அதை வெளியாளுக்குக் காட்டக் கூடாது என்பதில் அவன் உறுதியாக இருந்தான். வெளிநாட்டு ஆளுக்குக் காட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அதனால் அவன் கொண்டுவந்தது ரயில்வே சீசன் டிக்கெட் அடையாள அட்டை. பாலிடெக்னிக் காலத்தது. காலாவதியானது. படத்தில் மீசை இல்லாத ஒரு பையன், தண்டவாளத்தில் எதையோ பார்த்துவிட்ட மாதிரி வாயைத் திறந்துகொண்டு.

வெள்ளைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது ரயில் டிக்கெட்டா என்று மரியாதையாகக் கேட்டார்.

"ரயில்வே கவர்ன்மென்ட்டுதான்னு சொல்லு மச்சான்" என்றான் இவன்.

சொன்னேன். அவர் தலையாட்டினார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இவன் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பாஸ் இல்லாமல் அவன் கக்கூசுக்குக்கூடப் போகமாட்டான். கை பைமேல் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் இறங்கி மேஜைமேல் வந்து, தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டது.

"இல்ல" என்றான்.

அவர் மன்னிப்புக் கேட்டார், பலமுறை கேட்டார். அட்டை வந்ததும் எந்த உறுப்பினரிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், அதற்குள் உங்கள் நண்பரே உறுப்பினராகி இருப்பார், அவரே போடலாமே என்று என்னைக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவனுக்கும் அது பிடித்துப்போயிற்று. திரும்பி வரும்போது தெருவில் யார் பார்க்கிறார்கள் என்பதை மறந்து என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வந்தான். "நீ உள்ள போ மச்சான். உன் பின்னாடியே நான் வந்துடறேன்."

உறுப்பினர் தேர்வு மின்னஞ்சலில் நடந்தது. மாதக்கணக்கில் கேள்விகள். தொழில்நுட்பக் கேள்விகளுக்கு அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "அத்தப் போடாதே, இத்தப் போடு" என்று தலையில் ஒரு தட்டும் விழும். விதிகளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் நானே படித்து எழுதினேன். அதில்தான் கெட்டுப்போனேன். நிரல் எழுதத் தெரியாதவனுக்கு விதி ஒரு வரப்பிரசாதம். எந்த விதி எந்தப் பத்தியில் என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டேன். புதிதாக ட்யூட்டிக்கு வந்த கான்ஸ்டபிள், ஹெல்மெட் போட்டவனையும் நிறுத்தி ஹெல்மெட் எங்கே என்று கேட்பாரே, அந்த மாதிரி.

உறுப்பினரானேன். அந்த இயங்குதளத் திட்டத்தின் பெயரில் எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வந்தது. அதைப் போட்டு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். இளநீர்க் கடைக்காரர் உட்படப் பலருக்குக் கொடுத்தேன். இவன் மிக்சரும் ஜாங்கிரியும் வாங்கிவந்தான். கடையில் இருந்த எல்லோருக்கும் அவனே கொடுத்தான், ஏதோ அவனுக்கே கிடைத்த மாதிரி. உண்மையில் அப்படித்தானே.

அடுத்த வாரமே சீட்டோடு வந்தான். அவன் சாவியின் அடையாள எண்ணை அழகாக எழுதி, அடியில் கோடு போட்டு.

"போட்டுடு மச்சான்."

நான் காலை நீட்டிக்கொண்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஐடி?" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன் சிரித்து முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். நான் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா, நெஜமாவே கேக்கறியா?"

"ரூல்டா. கொஞ்ச நாள் முந்திதான் ஒருத்தரு சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டாருன்னு பெரிய சண்டை. எனக்கு இப்பதான் குடுத்துக்கறாங்கோ. கேட்டா நான் இன்னா சொல்றது?"

"என்னைத் தெரியும்னு சொல்லு."

"தெரியும். ஆனா அட்டை..."

"அட்டை தெரியாதவனுக்குடா பேமானி. எங்கல்யாணத்துல பக்கத்துல மாப்பிள்ளத் தோழனா நின்னியே, அப்போ தாலி கட்றது நாந்தானான்னு ஐடி கேட்டியா? பொண்ணு வூட்டுக்காரனே கேக்கல!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சரி என்று போட்டிருக்கலாம். இன்றுவரை எனக்கு இதில் ஒரு தெளிவு கிடையாது. அவன் சொன்னது சரி. விதியும் சரி. ஆபீஸ் பாஸை ஒரு நிமிஷம் எனக்கு மட்டும் காட்டியிருந்தால் அதுவும் தீர்ந்துபோயிருக்கும். நான் என்ன வெளிநாட்டுக்காரனா? அதைக் கேட்டேன். "அத்தக் காட்டச் சொல்லாத மச்சான்" என்றான், குரலைத் தாழ்த்தி. அவன் ஆபீசுக்கு அவன் விசுவாசம், என் திட்டத்துக்கு நான் விசுவாசம். இரண்டு பேரும் நல்ல ஊழியர்கள். அதுதான் தொல்லை.

"பெரியவங்களக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவன் சீட்டை மேஜையில் வைத்து, அதன்மேல் ஸ்குரூடிரைவரைப் பாரமாக வைத்துவிட்டுப் போனான்.

பெரியவர்களைத் தனியாகக் கேட்டிருக்கலாம். உறுப்பினரான மிதப்பில், யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பொது மடலாடற்குழுவில் கேட்டேன். எனக்குத்தான் சாதாரணமாக எழுத வராதே. இப்படி எழுதினேன்: மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரிந்த நண்பன், ஆனால் அரசாங்கத்துக்கு அவனைத் தெரியவில்லை. அவன் வேலை செய்யும் இடத்தில் காக்காய் உள்ளே பறப்பதற்கும் பாஸ் வேண்டும். அவன் பாஸை அவன் பெண்டாட்டிகூடப் பார்த்ததில்லை. அணுவைப் பிளக்கிறவன் ஓர் அட்டையைக் காட்டப் பயப்படுகிறான். நான் கையெழுத்துப் போடலாமா, அல்லது அவனைப் பிளந்து பார்க்க வேண்டுமா?

எழுதிவிட்டு நானே சிரித்தேன். அவன் பெயரை எழுதாததால் பத்திரம் என்று நினைப்பு வேறு. ஆனால் மடலின் தலைப்பில் நிரலின் பெயரைப் போட்டிருந்தேன். நிரலைத் திறந்தால் முதல் வரியில் அவன் பெயர்.

முதலில் நாலு பேர் சிரிப்புக்குறி போட்டார்கள். அப்புறம் ஒருவர் எழுதினார்: அடையாளம் காட்ட மறுக்கும் ஒருவர், இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்பவர், நம் களஞ்சியத்தில் ஏற்ற உரிமை கேட்கிறார், எனக்கு மட்டும்தான் இது சங்கடமாக இருக்கிறதா? அவருக்கு மட்டும் இல்லை என்று அடுத்தடுத்து வந்த மடல்களில் தெரிந்தது. இன்னொருவர் பழைய மடல்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, இந்த நண்பர் எழுதுவதும் அவருக்காகக் கேட்கிற இவர் எழுதுவதும் ஒரே கையாகத் தெரிகிறதே, இரண்டு பேர் இருக்கிறார்களா அல்லது ஒருவர்தானா என்று கேட்டார். இலக்கிய விமரிசனம் என்றால் அது. என் நடையை அவ்வளவு கூர்ந்து படித்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவன் பெயரில் மடல்களை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அது இன்னும் மோசமாயிற்று.

ஒரு பெண்மணி மட்டும், தெரிந்தவனைத் தெரியும் என்று சொல்ல எதற்குக் கூட்டம், போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள் என்று எழுதினார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. மாமல்லபுரத்து வெள்ளைக்காரர் கடைசியாக வந்தார். நேர்மையான மனுஷன், உள்ளதை உள்ளபடி எழுதினார்: நான் அவரைச் சந்தித்தேன், அவர் இருக்கிறார். ஒரு பழைய ரயில் அட்டை காட்டினார். பதற்றமாக இருந்தார், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கேட்காமல் போட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. கேட்டதால் இனி போடவே முடியாது என்றாகிவிட்டது. இந்தப் புத்திசாலித்தனத்துக்குத் தமிழில் ஏதாவது சொல் இருக்கும், எனக்கு எழுத மனசில்லை.

அவன் கடைக்கு வந்தபோது கையில் ஒரு பிரிண்ட் இருந்தது. பிரவுசிங் சென்டரில் எடுத்திருக்கிறான். உட்காரவில்லை.

"இத்த நீ எழுதினியா?"

"தமாஷுக்குடா..."

"அணு, பாஸு, எல்லாம் எழுதிக்கிறே. தலைப்புல புரோக்ராம் பேரு, அத்தத் தொறந்தா எம்பேரு. வெள்ளக்காரன் வேற நான் அவனைப் பாத்தேன்னு எழுதிக்கிறான். நாளைக்கு எவனாவது இத்த எடுத்தாந்து எங்க ஆபீசர் மேஜைல வெச்சா? எம்பொண்டாட்டி மாசமா இருக்கா, தெரியுமா உனக்கு?"

தெரியாது. அப்போதுதான் தெரிந்தது. வாழ்த்து சொல்கிற மாதிரியான சந்தர்ப்பம் இல்லை.

"எடுத்துடச் சொல்றேன்டா. இன்னிக்கே எழுதறேன்."

"எடுப்பாங்களா?"

எடுக்கவில்லை. கெஞ்சி எழுதினேன். வாழ்க்கையில் ஹாஸ்யம் இல்லாமல் நான் எழுதிய முதல் மடல் அது. பொதுக்குழுவில் வந்த மடல் பொதுவிலேயே இருக்கும், யாருக்காகவும் நீக்குவதில்லை என்று பதில் வந்தது. எந்தப் பத்தியில் அந்த விதி இருக்கிறது என்பதும் போட்டிருந்தது. எனக்கு அந்தப் பத்தி தெரியும், தேர்வில் அதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எந்தச் சொல்லையும் மறைக்காமல் வைத்திருப்பதுதான் இந்தத் திட்டத்தின் பெருமை என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன்.

அவன் ஆபீசில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை கேட்கவே இல்லை. ஆனால் கேட்பார்களோ என்று அவன் இருந்த நாட்களுக்கு நான் பொறுப்பு. அந்த மாதமே அவன் குழுவுக்கு ஒரு மடல் எழுதினான். அவனே எழுதியது, இங்கிலீஷில், தப்பும் தவறுமாக. நிரலை இனிப் பார்த்துக்கொள்ள முடியாது, விருப்பமுள்ளவர் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். நடை வித்தியாசமாக இருந்ததைக் கவனித்து இவர் தனி ஆள்தான் போலிருக்கிறது என்று ஒருவர் பதில் போட்டார்.

நிரல் என் தலையில் விழுந்தது. நான்தான் உறுப்பினன், ஏற்றுகிற உரிமை உள்ளவன். பராமரிப்பவர் என்கிற இடத்தில் அவன் பெயரை எடுத்து என் பெயரைப் போட்டேன். போட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கோளாறு என்று வருகிற மடல்களுக்கெல்லாம் விதம் விதமாகத் தமாஷாகப் பதில் எழுதினேன். சரிசெய்து கொடுங்கள் என்று திருப்பி எழுதினார்கள். கொஞ்ச காலத்தில் வேறு யாரோ இதைவிட நல்லதாக ஒன்று எழுதிவிட்டார்கள். எங்களுடையதைக் களஞ்சியத்திலிருந்து எடுக்கும் உத்தரவை நானே போட்டேன். உறுப்பினர் உரிமையை நான் முழுசாக, யார் உதவியும் இல்லாமல் பயன்படுத்தியது அந்த ஒரு தடவைதான்.

அவனிடம் கோபம் இல்லையா என்றால் இருக்கிறது. ஒரு தமாஷுக்கு இவ்வளவா? திட்டியிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம். அவன் எதுவுமே செய்யவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் எதிரே வந்தால் சைக்கிள் கடையைப் பார்ப்பான். அவன் மகள் காது குத்துக்குப் பத்திரிகை என் கடை முதலாளிக்கு வந்தது, எனக்கு வரவில்லை. முதலாளி போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பாயசம் பிரமாதம் என்றார். அந்த ஆளை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்கவில்லை.

வருஷங்கள் போயின. மகள் பள்ளிக்கூடத்துக்காக அவன் செங்கல்பட்டிலேயே வீடு எடுத்துவிட்டதாகக் கேள்வி. ஆபீசில் அனுமதி கிடைத்து, பாஸ்போர்ட்டும் எடுத்து, மச்சினன் அழைத்தான் என்று குடும்பத்தோடு மலேசியா போய்வந்ததாகவும் கேள்வி. பாஸ்போர்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. விதிப்படி இப்போது எந்தத் தடையும் இல்லை. நான் இன்னும் உறுப்பினன். நிரல் போனால் போகிறது, இன்னொன்று எழுதுவான். அவனால் முடியும். அவன் உள்ளே வந்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று என்னவோ ஒரு கணக்கு.

காலையில் ஸ்டாஃப் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். கையில் டிபன் பையோடு வரிசையில் நின்றான். காதோரம் நரைத்திருந்தது. கழுத்தில் நாடாவில் பாஸ் தொங்கியது, படம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்தான். மூஞ்சியில் ஒன்றும் இல்லை. இருபது விதமாக ஆரம்பிக்க யோசித்து வைத்திருந்தேன், எல்லாமே தமாஷாக இருந்தது. அதனால் ஒன்றையும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"பாஸ்போர்ட் வந்துடுச்சின்னு சொன்னாங்கோ. சாவி ஒண்ணு புதுசா பண்ணிக் குடு மச்சான். நான் கையெழுத்துப் போட்டுடறேன். நீ உள்ள வந்துடலாம்."

வரிசை நகர ஆரம்பித்தது. அவன் பையைக் கை மாற்றிக்கொண்டான்.

"வேணாம் சார், பஸ் வந்துடுச்சி."